பத்தாவது இடம்

“அந்த மனுவை வாங்காதீங்க” என்றார் பசைவாளி.

கட்சி அலுவலகத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு முன்னால் படிவத்தை நீட்டிய டிரைவரம்மாவின் கை அப்படியே நின்றது. டெப்போவிலிருந்து நேரே வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

மாநாட்டுக்கு அந்தக் கிளையிலிருந்து எப்போதும் பொதுவில் ஒன்பது பிரதிநிதிகள். இந்த முறை தலைமை பத்தாவதாக ஓர் இடம் சேர்த்திருந்தது, தன்பாலின ஈர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியருக்கென்று. மனு கொடுக்கக் கடைசி நேரம் மாலை ஆறு. சுவர்க் கடிகாரத்தில் ஆறாக இன்னும் பத்து நிமிடம்.

“ஏன் வாங்கக் கூடாது? எனக்கென்ன தகுதி இல்லையா?” என்றாள் டிரைவரம்மா. “நானும் என் வீட்டுக்காரியும் எட்டு வருஷமா ஒண்ணா இருக்கோம்னு இந்தத் தெருவுக்கே தெரியும்.”

“அதையெல்லாம் இப்ப பேச வேணாம். நீ அந்த இடத்துல நிக்காதே. பொதுவுல நில்லு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கிளையில் ஓட்டெடுப்பு நடந்ததே கிடையாது. ஒன்பது இடம், ஒன்பது மனு, அதே ஒன்பது பேர். கூடுதலாக ஒருவர் நின்றால் ஓட்டெடுப்பு. ஓட்டெடுப்பு என்றால் புது ஆளுக்கு என்ன கதி என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஒன்பது பேரில் மூத்தவர் பசைவாளி. இருபது வயதில் ஒரு கையில் பசைவாளியும் ஒரு கையில் போஸ்டருமாகக் கட்சிக்கு வந்தவர். வாளி எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், “கட்சியைத்தான் கட்டிக்கிட்டேனே” என்பார். ஒரே அறையில் அவரோடு தங்கியிருந்த கடிகார ரிப்பேர்க்காரர் போன வருடம் இறந்தபின் தனிக்கட்டை.

“அண்ணே, இது மேலிடத்து உத்தரவு” என்று இழுத்தார் செயலாளர். “ஆறு மணிக்குள்ள ஆள் வரலேன்னா அந்த இடமே ரத்தாயிடும்.”

“ஆகட்டும்னுதானே அண்ணன் பாக்குறாரு” என்றது பின்வரிசை.

டிரைவரம்மாவுக்கு முகம் சிவந்தது.

“புரியுது. பொதுவுல நான் தோக்கணும், பத்தாவது காலியாப் போகணும். ‘எல்லாரும் சமம்’னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினது நீங்கதானே?”

“நான்தான். ரெண்டு தடவை ஒட்டினேன். மொதல்ல ஒட்டினதை எவனோ கிழிச்சுட்டான்.”

“ஒட்டினா போதுமா? கல்யாணம், குடும்பம்னு எதுவும் இல்லாத மனுஷர் நீங்க. ஒருத்தி கூட வாழ்றதுன்னா என்னன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

பசைவாளி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாக ஆறு நிமிடம்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: “டெப்போ ஸ்டிரைக்கப்போ பதினோரு நாள் கேட்டுக்கு முன்னாடி நின்னது யாரு?”

“நான்தான். அதுக்கென்ன?”

“அதுக்காக நீ மாநாட்டுக்குப் போகணும். டிரைவருங்க கதையை மேடையில சொல்ல உன்னை விட்டா யாரு? நீ யார் கூட இருக்கேன்னு மட்டும் எழுதி உன்னை ஒரு மூலையில உக்கார வெச்சுடுவானுங்க. பொதுன்னு மாத்தி எழுதும்மா.”

“பேச்சு நல்லாத்தான் இருக்கு. இடம் எங்கண்ணே? ஒன்பதும் நிரம்பியாச்சு.”

“எட்டு.”

செயலாளர் அவசரமாகக் கட்டைப் புரட்டினார். எட்டு மனுக்கள்தான் இருந்தன.

“அண்ணே, உங்களோடது?”

“பொதுவுக்கு நான் கொடுக்கலை. கொடுக்கப் போறதும் இல்லை.”

பின்வரிசைகூட வாயை மூடிக்கொண்டது.

டிரைவரம்மா படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். பத்தாவது இடம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பொது என்று எழுதினாள். ஆனால் படிவத்தைக் கொடுக்க மனசு வரவில்லை.

“அப்ப பத்தாவது? சண்டை போட்டு வாங்கின இடம்ணே அது. எங்கேயாவது ஒருத்தர் வெளியில சொல்லப் பயந்துக்கிட்டு மூச்சுப் பிடிச்சு உக்காந்திருப்பாங்க. காலியாப் போச்சுன்னு கேள்விப்பட்டா அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

“எப்பவும் மாதிரி இருக்கும்” என்றார் பசைவாளி.

சட்டைப் பைக்குள் கைவிட்டார். நாலாக மடித்த ஒரு காகிதம் வந்தது. பல நாள் பையிலேயே கிடந்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அதை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார், போஸ்டரில் சுருக்கம் எடுப்பதுபோல.

“மணி ஆகலையே?” என்று செயலாளரைக் கேட்டார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குண்ணே.”

டிரைவரம்மா குனிந்து பார்த்தாள். பத்தாவது இடத்துக்கான மனு. பெயர், வயது, தொழில், எல்லாம் அவருடைய போஸ்டர் எழுத்தில் குண்டு குண்டாக இருந்தன. ‘திருமண நிலை’ என்ற கட்டத்தில் மட்டும், இத்தனை மாநாடுகளுக்கும் வெறும் கோடு போட்டு விட்டுவந்த இடத்தில், எழுத்து நடுங்கியிருந்தது: ‘துணையை இழந்தவர்.’