சாமிக்கு ஆகாத முறுக்கு

தீபாவளிக்கு முந்தின நாள். முறுக்கெல்லாம் சுட்டு முடிந்த பிறகும் குழலின் அடியில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னையும் முறுக்காப் பிழிஞ்சு விடேன்" என்று அது குழலிடம் கெஞ்சியது.

"நீ இருக்கிறதே கோலிக்குண்டு அளவு. எப்படி அழுத்தினாலும் வெளியே வர மாட்டே" என்றது குழல்.

"அப்போ எனக்குன்னு ஒரு உருவமே கிடையாதா?"

அதற்குள் தேவானை மாவை விரலால் வழித்து எண்ணெயில் போட்டாள். அது கன்னாபின்னாவென்று உப்பி மேலே வந்தது.

"அண்ணி, யானை!" என்று கத்தினாள் அவள் நாத்தனார் கோமளா.

"போடி, கப்பல்!" என்றாள் தேவானை. "டப்பாவுல இருக்கிறதை நாளைக்குப் படைச்ச பிறகுதான் தொடணும். இது சாமிக்கு ஆகாது. வா, தின்னுடலாம்."

இருவரும் அதைச் சூட்டோடு பிய்த்து, ஊதி ஊதித் தின்றார்கள். அவர்கள் வாய்க்குள் அது மொறுமொறுவென்று சிரித்தது.

டப்பாவுக்குள் அச்சுப் பிசகாத முறுக்கு ஒன்று பக்கத்து முறுக்கைக் கேட்டது: "கொஞ்சம் நல்லாப் பாரேன். நான் ஏதாவது ஒரு பக்கம் கோணலா இல்லை?"