அடைக்கோழியின் முட்டைகள்

கயிறு போடாமலே ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது எது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் முட்டைகளை விட்டு எழுந்திருக்கும். அன்று அது இரை தேடிப் போனபோது, முட்டைகளைப் பார்த்துக்கொள்வதாக ஆட்டுக்குட்டி ஒப்புக்கொண்டது.

கூரையிலிருந்து காகம் கூப்பிட்டது. "வேலிக்கு அந்தப் பக்கம் அகத்தி தழைச்சு நிக்குது. ஓடு!"

"முட்டையைப் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டேன், மாமா."

"கோழி உன்னைக் கட்டியா போட்டுட்டுப் போனா?"

"இல்லை."

"அப்புறம் என்னடி? முட்டையை நான் பார்த்துக்கிறேன்."

"என் மேல அவ்வளவு அக்கறைன்னா, நீங்களே ஒரு கொத்து ஒடிச்சிட்டு வாங்களேன்."

காகம் பறந்துபோய் ஒரு கொத்தைக் கொண்டுவந்து, பத்தடி தள்ளிப் போட்டது. "வந்து தின்னுட்டுப் போ."

ஆட்டுக்குட்டி அகத்தியைப் பார்த்தது. பிறகு முட்டைகளுக்கு முன்னால் கால் மடக்கிப் படுத்துக்கொண்டது.