வலப்புருவத் தழும்பு

புருவத்தின் மேலிருந்த வெட்டை அவள் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினாள். ரத்தம் வரவில்லை. பழுப்பு நிறத்தைக் கொஞ்சம் கூட்டியதும் அது பழைய தழும்பாகக் காய்ந்துவிட்டது.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கடா ஒளியப்போறே?" என்று கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

போலீஸ் ஓவியர் பென்சிலில் வரைந்து கொடுப்பதை ஸ்கேன் செய்து, அதன் மேல் புது லேயரில் கோடு இழுத்து, வண்ணம் தீட்டி, போஸ்டருக்கு ஏற்றபடி ஆக்கித் தருவது அவள் தொழில். இந்த முகத்துக்கு அடையாளம் சொன்னவர் ஒரு டாக்சி டிரைவர். பின்சீட்டில் சாதுவாக உட்கார்ந்து வந்தவன், திடீரென்று அவர் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்கியிருக்கிறான். ஆள் செத்துவிட்டார் என்று நினைத்து அவன் இறங்கிப் போனதால்தான் மனிதர் பிழைத்தார்.

டீயோடு வந்த கணவன் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்ன, என்னையே வரைஞ்சு வச்சிருக்கே?"

அதே தாடை, அதே ஏறுநெற்றி, அதே தழும்பு. காலையில் பென்சில் படத்தைப் பிரித்தபோது அவளே ஒரு கணம் அவன்தான் என்று நினைத்துவிட்டாள். தழும்பு எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"பயந்துட்டீங்களா? இவனுக்குத் தழும்பு வலது புருவத்துல. உங்களுக்கு இடது. பொழைச்சுப் போங்க!"

அவன் சிரித்தான். "டீ ஆறுது, குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கடைசி வேலையாக அவள் படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். வரைகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரே முகத்தை நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணல் தெரியாது, ஃப்ளிப் செய்தால் பளிச்சென்று தெரியும். ஒரு கண் லேசாக இறங்கியிருந்தது. அதைத் தூக்கிவிட்டபோது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"என்னம்மா, பிரஸ்ல ஆள் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. அனுப்பிட்டீங்களா?"

"இதோ சார், இதோ!" அனுப்பிவிட்டாள்.

டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். திருப்பிய படத்தை மறுபடி நேராக்கவே இல்லை. தழும்பு இடது புருவத்துக்குப் போயிருந்தது. திரையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அச்சு அசலாக அவள் கணவன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாளே! இது ஊரெல்லாம் ஒட்டப்பட்டால் தெருவில் போகிறவனெல்லாம் அவனைப் பிடித்து அடிப்பான். ஒரு பாவமும் அறியாத மனுஷன், கட்டினவள் கையாலேயே ஜெயிலுக்குப் போகப்போகிறான்.

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அவன் தோளில் பையோடு வந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வெளியூர் போறேன், ஆபீஸ் வேலை. சொன்னேனே?"

சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. இப்போது அதுவா முக்கியம்?

"ஐயோ, வெளியே போகாதீங்க! நான் சொல்ற வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது." ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு போன் செய்தாள்.

"சார், அச்சடிக்கிறத நிறுத்துங்க! பெரிய தப்பு பண்ணிட்டேன். தழும்பு பக்கம் மாறிப்போச்சு. வலது புருவத்துல இருக்கணும், இடதுல வந்துடுச்சு!"

"பதறாதீங்கம்மா, இடதுதான் சரி. இப்பதான் தெரிஞ்சது, மாத்தச் சொல்லி நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"எப்படி சார் சரியாகும்? அவர் வலதுன்னுதானே சொன்னார்?"

"அந்த டிரைவர் திரும்பியே பாக்கலையாம். முன்னாடி மாட்டியிருக்கிற, பின்சீட் தெரியுற கண்ணாடியிலதான் அவனைப் பாத்திருக்கார்."