ஒளிந்துகொண்ட டிராகன்

நாளைக் காலை ஆபீசில் விசாரணை. வேலை தங்குமா, போகுமா என்பது பத்து மணிக்குத் தெரிந்துவிடும். போகிற முகமாவது பார்க்கிறபடி இருக்கட்டும் என்றுதான் நம்மவர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தார்.

சலூன்காரருக்கோ புதிதாக வந்த வீடியோ கேம் மேல் கோபம்.

“காடு, மலை, கடல்னு உலகம் கண்ணுக்குள்ளயே நிக்குது சார். வாள் சண்டை அமர்க்களம். ஆனா இளவரசியைக் காப்பாத்தப் போறவனை ஊர்க்காரன் விடணுமே! ‘என் ஆட்டைக் காணோம், தேடிக் குடு’ங்கறான். குடுத்தா, ‘செருப்பையும் காணோம்’ங்கறான். இந்த வேலையத்தான் வீட்டுலயும் பாக்கறேன்!”

நம்மவர் போர்த்திய துணிக்குள் நெளிந்தார்.

“தலையை ஆட்டாதீங்க. கேம்ல குதிரை வேற சுவருக்குள்ள மாட்டிக்கிட்டு வாலை மட்டும் ஆட்டுது. எவன் செஞ்சானோ!”

“அப்போ கேம் தேறாதுங்கறீங்க?” என்றார் நம்மவர்.

“அப்படிச் சொல்லிட முடியுமா? டிராகன் ஒண்ணு இருக்கு. அத்தனை பெரிய உடம்பை வச்சுக்கிட்டு, நம்மளைப் பாத்ததும் மலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது. முதல்ல சிரிச்சேன். அப்புறம் பாவமாயிடுச்சு, வாளை உறையில போட்டுட்டேன். அதை யோசிச்சவன் மேதை சார்!”

பாதி வெட்டிய தலையோடு நம்மவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

“மேடம், நம்ம கேம்ல டிராகன் சண்டைக்கு வராம ஓடுற மாதிரி நான் தப்பா புரோகிராம் எழுதிட்டேன்னுதானே நாளைக்கு விசாரணை? அது தப்பே இல்ல மேடம். ரொம்ப யோசிச்சுச் செஞ்சது.”

கத்தரிக்கோல் நின்றது.

“அப்போ அந்த ஆடு, செருப்பு, குதிரை எல்லாம்..?”

“அதெல்லாம் ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரர் வேலை” என்றார் நம்மவர், கூசாமல்.

ஆபீசில் அந்தப் பக்கத்து சீட்டு இரண்டு வருஷமாகக் காலி என்பது சலூன்காரருக்கு எப்படித் தெரியும்?