ஒரே வேகம்

பனி படர்ந்த பஸ் ஜன்னலில் கணக்கு டீச்சர் விரலால் எழுதினாள்.

"என்ன கணக்கும்மா?" என்றாள் மகள்.

"மலை ரோட்டுல ஒரு பஸ் போகுது. இருபது நிமிஷம் பின்னால ஒரு கார் வருது. முந்த வழியில்ல, ரெண்டும் ஒரே வேகம். கார் எப்போ பஸ்ஸைப் பிடிக்கும்?"

இரண்டு பக்கமும் எக்ஸ் அடிபட்டுப் போய், பூஜ்யம் சமம் இருபது என்று நின்றது. டீச்சர் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதேதான்.

"தப்பா வருதேம்மா!"

"தப்பில்லடி. இதுக்கு விடையே கிடையாது." மகளின் வீங்கிய கன்னத்தைத் தடவினாள்.

"அப்போ அப்பாவால நம்மளைப் பிடிக்கவே முடியாதா?"

"முடியாதுடி கண்ணு."

அப்போதுதான் டீச்சருக்கு மூச்சே வந்தது.

பஸ் ஓரங்கட்டி நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டினார்.

"டீ குடிக்கிறவங்க இறங்குங்க. வண்டி அரை மணி நேரம் நிக்கும்!"