பனிப்பாதையில் வீரணன் குரல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இந்தக் குளிருக்குக் கதகதப்பாக ஒரு கதை சொல்கிறேன்.

கொடைமலையில் வீரணன் என்று ஒருவன். மார்கழி விடியலில் அவன் முதலில் ஏறி, பாறையில் உறைபனி எப்படியிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் நடைபயணிகளை மேலே விடுவார்கள். அன்று போனவன் வெயில் வந்தும் திரும்பவில்லை. மனைவி பவுன்தாய் வீட்டிலிருந்து கைபேசியில் அவனைக் கூப்பிட்டாள். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த பேசும் பட்டையிலிருந்து உடனே பதில் வந்தது.

"பாதை நல்லாருக்கு பவுனு. கவலைப்படாத."

அவன் குரல்தான். ஆனாலும் அவளுக்கு நெருடியது. ஆள் பேசாவிட்டால் பட்டையே ஆளின் குரலில் பேசி வீட்டைச் சமாதானப்படுத்துகிற காலம் அது.

"காலையில நான் குடுத்த காப்பி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு."

பவுன்தாய் பதறிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்கு ஓடினாள். "ஒச்சப்பா, கயிறை எடு! உங்கண்ணன் என் காப்பி நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு!"

"அட, சந்தோசப்படுங்க மதினி!"

"கல்யாணமான நாள்லேருந்து கழனித்தண்ணின்னு திட்டுற மனுசன்டா!"

சிரிப்பை விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தான் ஒச்சப்பன்.

பனியில் வழுக்கி விழுந்து, பாறைக்குக் கீழே கால் முறிந்து மயங்கிக் கிடந்தான் வீரணன். பட்டை மட்டும், "மேல வாங்க, பாதை நல்லாருக்கு" என்று பயணிகளை அழைத்துக்கொண்டிருந்தது. பவுன்தாய் அதைக் கழற்றி எறிந்தாள். கொண்டுவந்த காப்பியால் அவன் உதட்டை நனைத்தாள்.

அவன் முகம் சுளித்தான். "சீ, கழனித்தண்ணி..."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உங்கள் வீட்டுக் காப்பியைக் குறை சொல்கிற வாயெல்லாம் நூறாண்டு நன்றாக இருக்கட்டும், மக்களே.