மூட்டையைச் சொல்லவில்லை

மலைப்பாதையின் பாதியில், வழிப்போக்கர்கள் பாரத்தை இறக்கி இளைப்பாறுவதற்கென்று ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. சாம்பி என்ற கழுதையின் உப்பு மூட்டைகளை அதன்மேல் இறக்கிவிட்டு, எஜமானன் சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். முதுகு காலியான பிறகும் சாம்பியின் தலை தொங்கியே இருந்தது.

“மீதியையும் இறக்கி வை தாயி,” என்றது கல்.

“எல்லாத்தையும்தான் இறக்கியாச்சே.”

“நான் மூட்டையைச் சொல்லலை.”

சாம்பி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். போன மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்தபோது அவள் குட்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டு முறை கத்தியது. நின்றால் அடி விழுமே என்று பயந்து அவள் திரும்பவில்லை. கரையேறிப் பார்த்தபோது பின்னால் வெறும் வெள்ளம்தான் ஓடியது. இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“என்மேல தப்பில்லைன்னு சொல்லேன்,” என்று கெஞ்சினாள்.

“அது எனக்குத் தெரியாது தாயி. இறக்கி வச்சா வாங்கிக்கத்தான் தெரியும். கிளம்பும்போது நீதான் தூக்கிக்கணும்.” கல் கொஞ்சம் தயங்கியது. “பேரு என்ன?”

“யாருக்கு?”

“உன் குட்டிக்கு.”

அன்றிலிருந்து ஒருவரும் அதைக் கேட்டதில்லை. “துள்ளான்,” என்றாள் சாம்பி.

எஜமானன் வந்து மூட்டைகளை ஏற்றினான். சாம்பி தலையைத் தூக்கி, மலையே அதிர அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கழுதை கத்துகிறதென்று அவன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டுத்தான் அவள் நடந்தாள்.